இரண்டாம் எதிரி சாமி

அன்று கோர்ட்டில் எல்லோரும் சிரித்தார்கள்.

அரசு வக்கீல் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். பெஞ்ச் கிளார்க் மேஜைக்கு அடியில் எதையோ தேடுவது போலக் குனிந்துகொண்டு சிரித்தார். வேறு வழக்குகளுக்காக வந்து பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள், என்ன ஏது என்று தெரியாமலே, முன்னால் குலுங்கும் முதுகுகளைப் பார்த்துச் சிரித்தார்கள். மின்விசிறி கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது. கூண்டில் என் தம்பி முருகேசன் நின்றான். வலது மணிக்கட்டில் காப்புக் கயிறு, மஞ்சள் நிறம் போய் அழுக்கேறிக் கறுத்திருந்தது. அதை இடது கையால் மூடிக்கொண்டு, தன்னைப் பார்த்து எதற்கு இத்தனை பேர் சிரிக்கிறார்கள் என்று புரியாமல் விழித்தான்.

நான் சிரிக்கவில்லை. அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. "அந்தச் சிரிப்பாலதானே டீச்சர் உங்க தம்பிக்கு ஜாமீன் கெடைச்சுது" என்று எத்தனையோ பேர் சமாதானம் சொல்லிவிட்டார்கள். கிடைத்தது, இல்லையென்று சொல்லவில்லை. எரிகிற வயிறு அதைக் கேட்டா எரிகிறது?

டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டை மூடிய கதையைப் போன வாரம் எழுதியிருந்தேன். அதே இடத்தில் ஒரு கம்ப்யூட்டரும் ஜெராக்ஸ் மெஷினும் போட்டு, எதிரே இருக்கும் கோர்ட்டை நம்பிப் பிழைக்க ஆரம்பித்த பிறகு நடந்தது இது. எந்தக் கோர்ட், எந்த ஸ்டேஷன் என்று எழுதப் போவதில்லை. ஆட்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். ஒரே ஒரு பெயரை மட்டும் மாற்ற முடியவில்லை. அதை மாற்றினால் சொல்வதற்குக் கதையே இல்லை.

எல்லோரும் ஓடுகிறார்கள்

வக்கீல்களுக்கு ஜாமீன் மனு அடித்துக் கொடுப்பது என் தொழில். மனு அடிக்க வேண்டுமென்றால் எஃப்.ஐ.ஆரைப் படிக்க வேண்டும். கஞ்சா வழக்கு எஃப்.ஐ.ஆர். ஒன்றைப் படித்தால் போதும், மற்றதையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு அடிக்கலாம்.

ரகசியத் தகவல் ஒன்று கிடைக்கும். போலீஸ் பார்ட்டி விரைந்து செல்லும். பஸ் ஸ்டாப்பிலோ சுடுகாட்டுப் பக்கமோ ஒருவர் கையில் பையுடன் சந்தேகப்படும்படி நின்றுகொண்டிருப்பார். எஃப்.ஐ.ஆரில் அவருக்குப் பெயர் எதிரி. போலீசைக் கண்டதும் தப்பியோட முயல்வார். விரட்டிப் பிடிப்பார்கள். என் கம்ப்யூட்டரில் வயதான கிழவிகள் ஓடியிருக்கிறார்கள். ஆஸ்துமாக்காரர் ஓடியிருக்கிறார். ஒருவரையாவது நின்ற இடத்திலேயே பிடித்தோம் என்று எழுத எந்த ஸ்டேஷனுக்கும் மனசு வந்ததில்லை.

ஒரு நாள் அந்தோணிசாமி வக்கீல் கடைக்குள் வந்து ஒரு எஃப்.ஐ.ஆர். நகலை என் முன்னால் வைத்தார். அவர் சேலத்துக்காரர், வேதக்காரர், எனக்குப் பல வருஷப் பழக்கம். முதல் எதிரியின் பெயரைப் பார்த்தேன். என் தம்பி பெயர். அப்பா பெயர். எங்கள் ஊர்.

புதுச்சத்திரம் பஸ் ஸ்டாப்பில் நின்றவன் போலீசைக் கண்டதும் தப்பியோட முயன்றான் என்றும், விரட்டிப் பிடித்தோம் என்றும் எழுதியிருந்தது. முருகேசன் ரிக் வண்டியில் வேலைக்குப் போய், வடக்கே ஏதோ ஒரு ஊரில், போர் போடும் பைப் இடது காலில் விழுந்து ஊருக்குத் திரும்பியவன். அதற்குப் பிறகு கோழிப்பண்ணையில் முட்டை லோடு பார்க்கும் வேலை. பண்ணைக்காரர் கொடுத்த வீட்டில்தான் அவனும் அவன் பெண்டாட்டி செல்வியும் இருந்தார்கள். கடைவீதியில் நான் சாதாரணமாக நடந்தாலே, "மெல்லப் போக்கா" என்பான். அவன் ஓடினானாம்.

அடுத்த வரியைப் படித்தேன். அங்கேதான் இரண்டாம் எதிரி இருந்தார்.

பெயரைச் சொல்லக் கூடாது

இரண்டாம் எதிரியைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் எங்கள் ஊர் முனியப்பனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

புதுச்சத்திரத்திலிருந்து உள்ளே பிரியும் ரோட்டில் எங்கள் ஊருக்கு முன்னால் ஓடைப் பாலம். பாலத்தை ஒட்டிப் புளியமரம். மரத்தடியில் கூரைகூட இல்லாமல் அவர் உட்கார்ந்திருக்கிறார். எழுந்து நின்றால் மரக்கிளையில் தலை இடிக்கும். காது வரைக்கும் மீசை, பிதுங்கிய கண், கையில் அரிவாள். ரிக் வண்டிக்காரர்கள் வடக்கே புறப்படும்போது அவர் எதிரில் எலுமிச்சம்பழத்தை வைத்துச் சக்கரம் ஏற்றிவிட்டுத்தான் கிளம்புவார்கள்.

மாசியில் அவருக்குப் படையல். எங்கள் பங்காளிகள் முறை வைத்துச் செய்வார்கள். முறைக்காரன் கையில் காப்புக் கட்டிக்கொள்வான். கட்டியதிலிருந்து, படையல் முடிந்து காப்பை அவிழ்க்கும் வரைக்கும் சாமியின் பெயரை அவன் வாயால் சொல்லக் கூடாது. சாமி என்று சொல்லலாம், பெரியவர் என்று சொல்லலாம், அவ்வளவுதான். படையல் சாமானைப் பற்றி யார் கேட்டாலும் "சாமிக்கு" என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள். நான் பாதி நம்புகிறவள். முருகேசன் முழுக்க நம்புகிறவன். பைப் காலில் விழுந்ததைச் சொல்லும்போதெல்லாம், தலையில் விழாமல் பார்த்துக்கொண்டது அவர்தான் என்று சேர்த்துச் சொல்வான்.

படையலில் பொங்கல் உண்டு, சேவல் உண்டு, சுருட்டு உண்டு, சாராயம் உண்டு. கூடவே ஒரு கைப்பிடி தழை. தழை என்றுதான் வீட்டில் சொல்வார்கள். அது கஞ்சா என்பது எனக்குக் கல்யாணம் ஆன பிறகுதான் தெரியும். சாம்பிராணி போடும்போது அதையும் நெருப்பில் போட்டுவிடுவார்கள். அந்தப் புகையின் பச்சை வாடை இப்போதும் மூக்கில் இருக்கிறது. போடுவதற்கு முன்னால் ஆம்பளைகள் அதில் கொஞ்சம் கிள்ளி வைத்துக்கொண்டார்களா என்பது எனக்குத் தெரியாது. நான் அவர்களுக்கு வக்காலத்து வாங்கவும் இல்லை.

தழைக்கும் வக்காலத்து வாங்கவில்லை. சாமிக்கு என்று வைத்திருந்தாலும் குற்றம், ஆசாமிக்கு என்று வைத்திருந்தாலும் குற்றம், சட்டம் அப்படித்தான் சொல்கிறது. முருகேசன் அதை யாரிடமோ வாங்கி, மஞ்சப்பையில் தேங்காய்க்கும் சுருட்டுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு, காப்புக் கையோடு பஸ்ஸுக்கு நின்றான். தப்புத்தான். அந்தத் தப்புக்கு என்ன உண்டோ அதை மட்டும் கொடுத்திருந்தால் இதை நான் எழுதியிருக்கவே மாட்டேன்.

சாமிக்குங்க

அந்தச் சமயம் மாவட்டம் முழுக்கக் கஞ்சா வேட்டை நடந்தது. ஒவ்வொரு ஸ்டேஷனும் கணக்குக் காட்ட வேண்டிய நேரம். எஸ்.ஐ. வெளி மாவட்டத்துக்காரர், சின்ன வயது, வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. ஸ்டேஷனில் நடந்ததை முருகேசன் பிற்பாடு சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

"யாருக்குடா இது?" என்று எஸ்.ஐ. கேட்டிருக்கிறார்.

"சாமிக்குங்க" என்றிருக்கிறான் இவன்.

"எந்தச் சாமி? முழுப் பேரச் சொல்லு."

"பேரச் சொல்லக் கூடாதுங்க."

"சொன்னா என்னடா ஆகும்?"

"சொன்னா அவரு சும்மா உட மாட்டாருங்க."

அதைக் கேட்டதும் எஸ்.ஐ. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாராம். பெரிய மீன் சிக்கிவிட்டது என்று நினைத்திருக்கிறார். ஆள் எங்கே இருப்பான் என்று கேட்டார். பாலத்துக்கிட்டே புளியமரத்தடியில் இருப்பார் என்றான் இவன். எப்போது வருவான் என்று கேட்டார். அவர் எங்கேயும் போவதில்லை, நாம்தான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்றான். எத்தனை நாளாகக் கொடுக்கிறாய் என்றதற்கு, எங்கள் அப்பா காலத்திலிருந்து கொடுக்கிறோம் என்று பெருமையாகவே சொல்லியிருக்கிறான். பார்க்க எப்படி இருப்பான், கையில் ஆயுதம் உண்டா என்ற கேள்விகளுக்கும் உள்ளது உள்ளபடி பதில் சொல்லியிருக்கிறான். காப்புக் கட்டிய கை, பொய் சொல்லக் கூடாதாம்.

இதற்கு நடுவில் இன்னொரு கூத்து. எங்கள் பக்கம் யாரையும் சாமி என்போம். பால் குடிக்கிற குழந்தையையும் "வா சாமி" என்போம், காய்கறிக்காரி வாடிக்கைக்காரரையும் "என்ன வேணுஞ் சாமி" என்பாள். முருகேசனும் பயத்திலும் மரியாதையிலும் எஸ்.ஐ.யை வார்த்தைக்கு வார்த்தை சாமி என்று கூப்பிட்டிருக்கிறான். தன்னையும் கஞ்சாக் கூட்டத்தில் சேர்த்துக் கிண்டல் செய்கிறான் என்று நினைத்து அவர் கன்னத்தில் ஒன்று விட்டார். ஒரு வாரத்துக்கு அந்தப் பக்கம் சோறு மெல்ல முடியவில்லை என்றான்.

எஃப்.ஐ.ஆரில் இப்படி இருந்தது: இரண்டாம் எதிரி சாமி, தந்தை பெயர் தெரியாது, வயது தெரியாது, பெரிய மீசை வைத்தவர், அரிவாளுடன் இருப்பவர், பாலத்தின் அருகே பல வருடங்களாக முதல் எதிரியின் குடும்பத்தாரிடம் கஞ்சா பெற்று வருபவர், தலைமறைவு.

ஸ்டேஷனில் உள்ளூர்க்காரர் ஒருவர்கூட இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தார். ஸ்டேஷன் ரைட்டர் எங்களுக்குப் பக்கத்து ஊர். எத்தனையோ முறை அந்தப் பாலத்தில் வண்டியை நிறுத்திக் கும்பிட்டுவிட்டுப் போகிறவர்தான். அவருக்குப் புரியாமல் இருந்திருக்காது. பிற்பாடு நான் நேருக்கு நேர் கேட்டபோது, "அய்யா சொன்னாரு, எழுதுனேன், நானென்ன பண்றது டீச்சர்" என்றார்.

எடைக்குத் தகுந்த சட்டம்

அந்தோணிசாமி வக்கீல் என் கடை ஸ்டூலில் உட்கார்ந்து எனக்குச் சட்டத்தைச் சொன்னார். எத்தனையோ மனுக்களில் நான் அடித்த வார்த்தைகள்தான். தம்பிக்கு என்று வரும்போதுதான் அவை காதில் விழுந்தன.

கஞ்சாவை எடை போட்டுத்தான் தண்டனை. ஒரு கிலோ வரைக்கும் சிறு அளவு. அதற்கு அதிகபட்சம் ஒரு வருஷம் ஜெயில், அல்லது அபராதம், அல்லது இரண்டும். ஒரு கிலோவைத் தாண்டினால் பத்து வருஷம் வரைக்கும் போகலாம். இருபது கிலோவுக்கு மேல் என்றால் வியாபார அளவு, பத்து வருஷத்துக்குக் குறையவே குறையாது, ஜாமீனையும் மறந்துவிட வேண்டியதுதான். முருகேசன் பையில் இருந்ததைத் தராசில் வைத்தால் முள் அசையுமா என்பதே சந்தேகம். எடையை மட்டும் அவர்கள் ஒழுங்காகத்தான் எழுதியிருந்தார்கள்.

"பொருள் கொஞ்சந்தாம்மா. ஆனா கூட்டுச் சதின்னு ஒரு பிரிவு சேத்துட்டாங்க. ரெண்டாவது ஆளு தலைமறைவு, விசாரணை முடியலைன்னு சொல்லியே ஜாமீன எதிர்ப்பாங்க" என்றார் வக்கீல். தாளை மடித்தார். "எங்க சர்ச்ல பாதிரியாரச் சாமின்னுதான் கூப்பிடுவோம். எம்பேருலயும் சாமி இருக்கு. நல்லவேளை, எங்க யாருக்கும் மீசை இல்ல."

அவருக்கும் உதட்டோரம் சிரிப்பு வந்தது. என் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டார்.

புரிந்த பிறகு

நானும் வக்கீலும் ஸ்டேஷனுக்குப் போனோம். எனக்குக் காப்பு இல்லை, என் வாய்க்குக் கட்டுப்பாடும் இல்லை. சாமி என்றால் யார், எங்கே உட்கார்ந்திருக்கிறார், கையில் ஏன் அரிவாள் என்று நான் எஸ்.ஐ.யிடம் விலாவாரியாகச் சொன்னேன். ஜீப்பை எடுத்துக்கொண்டு வந்தால் இப்போதே காட்டுகிறேன் என்றேன்.

அவர் முகம் மாறியது. புரிந்துவிட்டது. அந்த ஒரு நிமிஷம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. டீ டம்ளரை எடுத்தவர் குடிக்காமல் திரும்ப வைத்தார்.

"எஃப்.ஐ.ஆர். கோர்ட்டுக்குப் போயிருச்சும்மா. இப்பப் போயி சாமின்னா கடவுள்னு நான் எழுதிக் குடுத்தா என் வேலை என்னாகும்?" என்றார்.

என் கோபமெல்லாம் இந்த இடத்தில்தான். அதற்கு முன்னால் நடந்தது ஒரு வெளியூர் ஆளின் அறியாமை, அவசரம். கன்னத்தில் விழுந்த அறையைத் தவிர மற்றதை மன்னித்துவிடலாம். ஆனால் புரிந்த பிறகு? ஒரு வரி எழுதினால் போதும், தவறுதலாகச் சேர்க்கப்பட்டது என்று. அந்த ஒரு வரியை எழுதினால் நாலு பேர் சிரிப்பார்களே என்று, நொண்டிக் காலோடு ஒருத்தனை ஜெயிலில் வைத்துக்கொண்டிருந்தார்கள். இது தெரியாமல் செய்த தப்பு இல்லை. அக்கிரமம். வேறு வார்த்தை எனக்குக் கிடைக்கவில்லை, தேடவும் இல்லை.

அதற்குப் பிறகு அவர்கள் செய்தது அதைவிடக் கேவலம். எழுதியாகிவிட்டது, ஆகவே ஒரு சாமி வேண்டும். தேடப் போனார்கள்.

பாலத்துக்குப் பக்கத்தில், அதே புளியமர நிழலில், கந்தசாமி என்று ஒருவர் இளநீர் வெட்டுவார். பெரிய மீசைக்காரர். தொழிலே அரிவாளில்தான். எஃப்.ஐ.ஆரில் இருந்த அத்தனையும் பொருந்திவிட்டது, தந்தை பெயரைத் தவிர. ஒரு மத்தியான வேளையில் ஜீப் வந்து, பாதி சீவிய இளநீர் கீழே கிடக்க, அவரை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. அவர் எங்களுக்குச் சொந்தம்கூட இல்லை. முருகேசன் பண்ணைக்குப் போகும்போதும் வரும்போதும் ஒரு வார்த்தை பேசுவான், அவ்வளவுதான் பழக்கம்.

ரைட்டர் என் கடைக்கு வந்து, ஜெராக்ஸ் எடுப்பது போல நின்று, தணிந்த குரலில் சேதி சொன்னார். கந்தசாமிதான் அந்தச் சாமி என்று முருகேசன் ஒப்புக்கொண்டால் போதும். ஜாமீனை எதிர்க்க மாட்டோம், வழக்கையும் லேசாக முடித்துவிடலாம்.

செல்வி அன்றைக்கு என் வீட்டில்தான் இருந்தாள். இந்த மாதத்துக்குள் முருகேசன் வராவிட்டால் வேறு ஆள் போட்டுக்கொள்வேன், வீட்டையும் காலி செய்துவிடுங்கள் என்று பண்ணைக்காரர் சொல்லிவிட்டார். அவள் அழுது அழுது முகம் வீங்கியிருந்தாள். "சொல்லச் சொல்லுங்க அண்ணி. அந்தாளு அப்பறமா வெளிய வந்துக்கட்டும்" என்றாள். அவளை நான் குறை சொல்ல மாட்டேன்.

நாங்கள் சேலம் ஜெயிலுக்கு மனு போட்டுப் பார்க்கப் போனோம். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நாங்கள். சுற்றிலும் ஆளாளுக்குக் கத்திப் பேசிக்கொண்டிருந்தார்கள். ரைட்டர் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னேன். வீடு போகப் போவதையும் சொன்னேன். செல்வி வலையில் விரலைக் கோர்த்துக்கொண்டு அவனையே பார்த்தாள்.

அவன் காப்பைத் திருகிக்கொண்டே நின்றான். அவன் உள்ளே இருந்ததால் மாசிப் படையல் நடக்கவில்லை. அதனால் காப்பும் அவிழவில்லை.

"அக்கா, இந்தக் கயிறக் கட்டிக்கிட்டு அவரு பேரையே சொல்ல மாட்டீங்கறேன். இன்னொருத்தனக் காட்டி இவந்தான் சாமின்னு எப்படீக்கா சொல்றது?" என்றான்.

செல்வி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மறுபடியும் அந்தச் சிரிப்பு

அந்தோணிசாமி வக்கீல் தம் செல்போனில் முனியப்பனைப் படம் பிடித்து வந்தார். நான் அதைப் பெரிதாகக் கலர் பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். மீசை நன்றாகத் தெரியும்படி வெளிச்சத்தைக் கூட்டினேன்.

ரிமாண்டு நீட்டிப்புக்கு முருகேசனைக் கொண்டுவந்த அன்றைக்கே ஜாமீன் மனுவும் விசாரணைக்கு வந்தது. வக்கீல் இரண்டாம் எதிரியின் அங்க அடையாளங்களை நிறுத்தி நிதானமாகப் படித்தார். பிறகு படத்தை நீட்டினார். நீதிபதி தாளைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், மறுபடியும் தாளைப் பார்த்தார். கூண்டுப் பக்கம் திரும்பி, "சாமின்னா யாருப்பா? இவரா?" என்று கேட்டார்.

முருகேசன் படத்தைப் பார்த்ததும் செருப்பில்லாத கால்களைச் சேர்த்து வைத்துக் கையெடுத்துக் கும்பிட்டான். "பேரச் சொல்லக் கூடாதுங்க சாமி" என்றான், நீதிபதியைப் பார்த்து.

அப்போதுதான் எல்லோரும் சிரித்தார்கள்.

எஸ்.ஐ. ஓரமாக நின்று தொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பயந்த சிரிப்பு கடைசியில் வந்தேவிட்டது. ஆனால் சிரித்தவர்கள் அவரைப் பார்த்துச் சிரிக்கவில்லை. என் தம்பியைப் பார்த்துத்தான் சிரித்தார்கள். அதை என்னால் தாங்க முடியவில்லை. அவன் ஒருத்தன்தான் அந்தக் கட்டடத்துக்குள் முதல் நாளிலிருந்து உண்மை பேசியவன்.

நீதிபதி சிரிக்கவில்லை என்பதையும் எழுத வேண்டும். படத்தை மடிக்காமல் ஓரமாக வைத்துவிட்டு ஜாமீன் கொடுத்தார்.

கந்தசாமியை அன்று சாயங்காலமே விட்டுவிட்டார்கள். கைது என்று எங்கேயும் எழுதாததால் விடுதலை என்றும் எழுத வேண்டியிருக்கவில்லை. அவர் ஊருக்கு வந்ததும் முதலில் சலூனுக்குப் போய் மீசையை எடுத்தார். இப்போது இளநீர்க் கடை பைபாஸ் பக்கம் இருக்கிறது. யாராவது பழக்கத்தில் "என்ன சாமி" என்றால் அரிவாளைக் கீழே வைத்துவிட்டு, "கந்தன்னு கூப்புடுங்க" என்கிறார். முருகேசன் ஒருமுறை பார்க்கப் போனான். அவர் ஒரு இளநீர் வெட்டிக் கொடுத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை.

தேடியும் கிடைக்கவில்லை

வழக்கு எப்படி முடிந்தது என்று கேட்பீர்கள். பையில் இருந்தது தன்னுடையதுதான் என்று முருகேசன் ஒப்புக்கொண்டான். அபராதம் போட்டார்கள், கட்டினோம். முதல் நாளே இதற்குத்தான் அவன் தயாராக இருந்தான். பண்ணை வேலையும் வீடும் போய்விட்டன. இப்போது செல்வியும் அவனும் என் வீட்டுப் பின்கட்டில் இருக்கிறார்கள். என் கடையில் ஜெராக்ஸ் மெஷினை அவன்தான் பார்த்துக்கொள்கிறான். "தப்பியோட முயன்றவரை" என்று வரும் தாள்களை அவன் கையால்தான் நகல் எடுத்துக் கொடுக்கிறான்.

இரண்டாம் எதிரி மீதான வழக்கு மட்டும் முடியவில்லை. அதை எடுத்துவிடுவார்கள் என்றுதான் நினைத்தோம். எடுக்க வேண்டுமென்றால் யாராவது எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த எஸ்.ஐ. மாற்றலாகிப் போய்விட்டார். வந்தவர், அவர் எழுதியதில் நான் எதற்குக் கை வைக்க வேண்டும் என்றார். ஆகவே வழக்கைப் பிரித்து, தலைமறைவான சாமி பெயரில் தனி நம்பர் கொடுத்து, பிடிவாரண்டும் போட்டுவிட்டார்கள். என்னைக் கேட்டால், உலகத்தில் எத்தனையோ பேர் சாமியைத் தேடுகிறார்கள், வாரண்டோடு தேடுவது எங்கள் ஸ்டேஷன் ஒன்றுதான்.

இந்த மாசியில் மறுபடியும் முருகேசன் முறை. புதுக் காப்புக் கட்டி, விட்டுப்போன படையலையும் சேர்த்துச் செய்தான். தழை கிடையாது. பெரியவர் கோபித்துக்கொண்டால் என்னிடம் அனுப்பு என்று சொல்லியிருந்தேன். பொங்கல் கொதித்துக்கொண்டிருந்தது. அடுப்புப் புகையில் எனக்குக் கண் எரிந்தது.

ஒரு கான்ஸ்டபிள் பைக்கில் வந்து பாலத்தருகே இறங்கினார். இளம் பையன், முகத்தில் கடுமை எதுவும் இல்லை. ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தார். தொப்பியை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, முனியப்பன் முன்னால் கண்ணை மூடி நெடுநேரம் கும்பிட்டார். திருநீறு எடுத்துப் பூசிக்கொண்டார். செல்வி இலையில் பொங்கல் வைத்துக் கொடுத்தாள், நின்றபடியே சாப்பிட்டார். கை கழுவிவிட்டுச் சட்டைப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்தார்.

"ஒரு வாரண்டு நிக்கிதுங்கம்மா. வருஷா வருஷம் வந்து விசாரிச்சதா எழுதோணும். இந்தப் பக்கம் சாமின்னு ஒரு ஆளு, மீசைக்காரரு, அரிவா வெச்சிருப்பாராமா. நீங்க யாராச்சும் பாத்தீங்களா?"

முருகேசன் காப்புக் கையோடு தலையைக் குனிந்துகொண்டான். அவன் வாயைத் திறக்க முடியாது. நான்தான் பதில் சொன்னேன்.

"இப்பத்தானுங்க கும்பிட்டீங்க."